எவரோலிமஸின் பூர்வீகம்

எவரோலிமஸ் என்னும் மருந்து, மாற்றுச் சிறுநீரகமோ கல்லீரலோ பெற்றவரின் உடல் அவ்வுறுப்பை அந்நியமாகக் கருதித் தாக்காதிருக்கும்பொருட்டு நோயெதிர்ப்பாற்றலைத் தணித்துவைப்பதற்கும், சிறுநீரகம், மார்பகம், கணையம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுள் சிலவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதற்கும் மருத்துவரின் சீட்டின்பேரில் வழங்கப்படுகிறது. மூலக்கூறு ஒன்றே, விற்பனைப் பெயரும் அளவும்தான் வேறு. சிறுநீரக மாற்று பெற்றவருக்கு 'சர்டிகன்' என்ற பெயரில் வரும் மாத்திரை வழக்கமாக வேளைக்கு 0.75 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை தொடங்கப்பட, புற்றுநோயாளிக்கு 'அஃபினிட்டர்' என்ற பெயரில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுகிறது. நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வோருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தியாக இருக்க, அவ்வகை மருந்துகளுள் ஒன்றே புற்றுக்கும் மருந்தானது எப்படி என்னும் வினாதான் இதன் பூர்வீகத்தைத் தேடத் தூண்டுகிறது.

அந்தத் தேடலைச் சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. பூந்தமல்லியை நோக்கிச் செல்லும் இரு நெடுஞ்சாலைகளுக்கு நடுவே, வேலப்பன்சாவடிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் இடையில் அமைந்த நூம்பல், மருத்துவக் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் நெருங்கியிருக்கும் வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத முகப்பேருக்குத்தான் 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றம் அருகே விபத்துக்குள்ளாகி மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்னும் இளைஞரின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து காவல்துறை ஒழுங்குசெய்து கொடுத்த சாலைவழியே சில நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. மருத்துவர்களான பெற்றோர் தம் மகனின் உறுப்புகளைக் கொடையளிக்க முன்வந்த அச்செய்தி தமிழகமெங்கும் உறுப்புக்கொடை பற்றிய பேச்சை எழுப்பியது. அதே ஆண்டில் மாநில அரசு வெளியிட்ட ஆணைகளின்மேல் எழுந்த கொடைத் திட்டம் நாட்டின் பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றும் அளவுக்கு வளர்ந்தது. அத்திட்டத்தின் பயனை எண்ணிப் பார்ப்போர் அறுவை அரங்கையும் சைரன் ஒலிக்கும் ஆம்புலன்ஸையும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதன்பின் பல்லாண்டுகள் காலையும் மாலையும் தவறாமல் விழுங்கப்படும் மாத்திரைகள் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

பொருத்தப்பட்ட உறுப்பை உடல் ஒருபோதும் முழுமையாகத் தன்னுடையதாக ஏற்பதில்லையாதலால், மாத்திரை நின்றால் நிராகரிப்பு தொடங்கிவிடக்கூடும். அளவு கூடினாலோ வாய்ப்புண், கொழுப்பு மிகுதல், நுரையீரல் அழற்சி, காயம் ஆறுவதில் தாமதம் முதலியன நேரும். ஆகவே நோயாளி காலை மாத்திரையை விழுங்காமலேயே பரிசோதனைக்கூடத்துக்குச் சென்று, முந்தைய வேளை மருந்து ரத்தத்தில் மிகக் குறைந்திருக்கும் அந்நேரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, அதன்பிறகே கையோடு கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அந்த அடிமட்ட அளவு ஒரு மில்லிலிட்டரில் 3 முதல் 8 நானோகிராம் வரை இருக்கவேண்டுமென்பது நெறி; நானோகிராம் என்பது கிராமை நூறுகோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இக்கணக்கு இன்னும் கடினமாகிறது. காசநோய்க்கான முதன்மை மருந்தாகிய ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி எவரோலிமஸை விரைந்து சிதைத்துவிடுவதால், இரண்டு நோய்களையும் ஒருசேரக் கவனிக்கும் மருத்துவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரத்த அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவராகிறார்.

இம்மாத்திரையின் தடத்தில் முதல் படி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு இட்டுச்செல்கிறது. அங்கிருந்த சாண்டோஸ் நிறுவனம் (1996இல் சீபா-கைகியுடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது) ரப்பாமைசின் என்னும் பழைய இயற்கைப் பொருளின் பெரிய மூலக்கூறில் ஓர் இடத்தில் மட்டும் ஹைட்ராக்சிஎத்தில் என்னும் சிறு தொகுதியைச் சேர்த்து எவரோலிமஸை உருவாக்கிற்று. இச்சேர்க்கையால் மூலக்கூறு நீரோடு சற்றுக் கூடுதலாக ஒத்துப்போவதோடு, ரப்பாமைசின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 மணிநேரம் பிடிக்க, இது அதில் பாதி நேரத்திலேயே குறைகிறது. அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டிய மருத்துவருக்கு அது பெரும் உதவி. அமெரிக்காவில் 2009இல் சிறுநீரகப் புற்றுக்கும் 2010இல் சிறுநீரக மாற்றுக்கும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆகவே எவரோலிமஸ் வழித்தோன்றல், தாய்ப்பொருள் ரப்பாமைசின். மருத்துவத்தில் அதற்கு வழங்கும் பெயர் சிரோலிமஸ்.

ஒரே மருந்து இரு நோய்களுக்கும் எப்படி உதவுகிறது என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும் பாசலில்தான். 1991இல் ஜோசஃப் ஹைட்மன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் ஆகியோர், ரொட்டியைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை ரப்பாமைசினில் வளரவிட்டு, மருந்துக்கு அசையாத பிறழ்வுகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் வழியே மருந்தின் இலக்காகிய இரு மரபணுக்களைக் கண்டனர். 'ரப்பாமைசினின் இலக்கு' என்னும் பொருள்பட அவற்றுக்கு டார் என்று பெயரிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் அதன் இணை கண்டறியப்பட்டு எம்டார் எனப்பட்டது. உணவும் வளர்ச்சிக்கான சமிக்ஞைகளும் போதுமான அளவில் உள்ளனவா என்று கணித்து, உயிரணு வளரலாமா, பிரியலாமா என்பதை முடிவுசெய்யும் புரதம் அது. ரப்பாமைசின் முதலில் எஃப்.கே.பி.பி.12 என்னும் சிறு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அந்த இணைப்போடு எம்டாரைப் பற்றி அதன் வேலையை நிறுத்துகிறது. மாற்று உறுப்பைத் தாக்கப் பெருகவேண்டிய டி-செல்லும் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணுவும் அதே கணிப்பை நம்பியிருப்பவை. இரண்டும் ஒரே இடத்தில் தடைபடுகின்றன. மாற்றுச் சிகிச்சையில் பெரிதும் வழங்கும் டாக்ரோலிமஸும் இதே எஃப்.கே.பி.பி.12 புரதத்தோடுதான் ஒட்டுகிறது. ஆனால் அது பற்றுவது கால்சிநியூரின் என்னும் வேறு நொதியை. கையாள் ஒருவன், செல்லும் வீடுகள் இரண்டு. இந்தச் சிறு வேறுபாட்டினால்தான் எவரோலிமஸுக்குப் புற்றுநோய்த் துறையிலும் இடம் கிடைத்தது.

ரப்பாமைசினின் தடம் கனடாவின் மான்ட்ரியால் நகரில் இருந்த அயர்ஸ்ட் ஆய்வகத்துக்குச் செல்கிறது. அங்கே இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த ஒருவரின் உழைப்பு முன்னே நிற்கிறது. சுரேந்திர நாத் சேகல், இன்று பாகிஸ்தானில் உள்ள குஷாப்பில் 1932இல் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்று, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரும் உடனுழைத்தோரும் 1972இல், ஒரு மண் மாதிரியில் வளர்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அது நோயெதிர்ப்பாற்றலையும் அடக்குவது தெரியவந்தபோது, தொற்றுக்குக் கொடுக்கும் மருந்து தொற்றைத் தடுக்கும் ஆற்றலையே குறைப்பதா என்று பூஞ்சை மருந்துத் திட்டம் கைவிடப்பட்டது. சேகல் அதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்ப, திடக்கட்டிகளின் வளர்ச்சியை அது தடுப்பதாக விடை வந்தது. இம்மருந்தின் இரு பயன்களும் 1970களிலேயே கண்முன் இருந்தன என்பது இங்கே கருதத்தக்கது; பின்னால் வந்த இருபதாண்டுத் தாமதத்துக்கு அறிவியலின் குறைவைக் காரணமாகச் சொல்ல இயலாது.

தாமதத்தின் காரணம் நிர்வாக முடிவுகளில் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் மான்ட்ரியால் ஆய்வகத்தை மூடி, பலரை வேலையிலிருந்து நீக்கி, எஞ்சியோரை அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு மாற்றியது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட பொருள்களோடு ரப்பாமைசினும் அழிந்துபோக இருந்த நிலையில், சேகல் கடைசியாக ஒரு பெருந்தொகுதியை வளர்த்து, சில குப்பிகளைத் தம் வீட்டு உறைபெட்டியில் உணவுப் பொருள்களுக்கிடையே, 'உண்ணாதீர்' என்று எழுதி ஒட்டி வைத்தார். குடும்பம் இடம்பெயர்ந்தபோது குப்பிகளும் உலர்பனியில் பொதிந்து உடன் சென்றன. 1987இல் அயர்ஸ்ட், வைய்த் நிறுவனத்தோடு இணைந்தபின் புதிய மேலாளர்களிடம் அவர் மீண்டும் வாதாடினார். அவ்வாண்டுகளில் ஜப்பானியர் கண்ட டாக்ரோலிமஸ் உறுப்பு மாற்றில் பெயர்பெற, அதனோடு அமைப்பில் ஒத்த ரப்பாமைசினின்மேல் கவனம் திரும்பிற்று; கேம்பிரிட்ஜில் ராய் கால்னின் குழு 1989இல் விலங்குகளில் அதன் ஆற்றலை நிறுவியது. 1999 செப்டம்பரில் சிறுநீரக மாற்றுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் சேகலுக்கே பெருங்குடல் புற்று முற்றிய நிலையில் கண்டறியப்பட்டிருக்க, அவர் தாம் காத்த மருந்தைத் தாமே உட்கொண்டு, கணித்ததைவிட நெடுநாள் வாழ்ந்து 2003இல் மறைந்தார். ஒரு நோயாளியின் வாழ்நாளைக் கொண்டு மருந்தின் பலனை அளக்கக் கூடாது என்பது அறிவியல் நெறி. எனினும் நிறுவனம் கைவிட்ட பொருளைத் தம் வீட்டில் வைத்துக் காத்த அந்த உறுதி போற்றத்தக்கதே.

இந்த மருந்தின் வரலாறு சொல்லப்படும் இடங்களிலெல்லாம் கதை பெரும்பாலும் சேகலோடு நின்றுவிடுகிறது. அவர் கையில் வந்த மண் எங்கிருந்து வந்தது? அதை எடுத்தவர் யார்? ரப்பாமைசின் என்ற பெயரே, பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்கு அம்மக்கள் வழங்கும் ரப்பா நூயி என்ற பெயரிலிருந்து வந்தது. ஸ்டான்லி ஸ்கோரினா தலைமையில் 1964 நவம்பரில் ஹாலிஃபாக்ஸிலிருந்து கனடியக் கடற்படைக் கப்பலான கேப் ஸ்காட்டில் புறப்பட்ட மருத்துவக் குழு, விமான நிலையம் அமைந்து வெளியுலகத் தொடர்பு பெருகுவதற்குமுன் அம்மக்களின் உடல்நிலையைப் பதிவுசெய்ய விரும்பி, ஏறத்தாழ 1000 பேர் வாழ்ந்த அத்தீவில் அநேகமாக எல்லோரையும் பரிசோதித்து, ரத்தமும் உமிழ்நீரும் பெற்று, 1965இல் திரும்பியது. குழுவிலிருந்த நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் நோக்ராடிக்கு, குதிரைகள் நிறைந்த தீவில் வெறுங்காலோடு நடக்கும் மக்களிடையே ஏன் இரணஜன்னி காணப்படவில்லை என்ற ஐயம் எழுந்தது. அவர் தீவை 67 பகுதிகளாக வகுத்து ஒவ்வொன்றிலிருந்தும் மண் எடுத்தார். இரணஜன்னிக் கிருமியின் வித்து அவற்றுள் ஒரே மாதிரியில்தான் கிடைத்தது. அவர் அம்மாதிரிகளை 1969இல் அயர்ஸ்ட்டுக்குக் கொடுத்தார்.

அக்காலத்தில் அத்தீவினர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1888இல் சிலி நாட்டோடு இணைக்கப்பட்ட தீவு, 1953 வரை ஒரு கம்பெனியின் ஆட்டுப் பண்ணையாக இருந்து, பின்பு கடற்படையின் ஆட்சிக்கு வந்தது. முழுமையான குடியுரிமை அம்மக்களுக்கு 1966இல்தான் கிடைத்தது. ஊசிக்குக் கை நீட்டிய அவர்களில் பலருக்குத் தம் தீவைவிட்டு வெளியேறும் உரிமையே அப்போது இல்லை. பரிசோதனைக்கு அவர்கள் கொடுத்த இசைவை இத்தகைய சூழலில் வைத்தே எடைபோட வேண்டும். 1975இல் வெளியான ரப்பாமைசின் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரைகளில் தீவின் பெயர் உண்டு. ஆனால் மண்ணைக் கொண்டுவந்த பயணமும் நோக்ராடியும் அவற்றில் இடம்பெறவில்லை. தீவில் இக்கண்டுபிடிப்பை நினைவுகூரப் பின்னாளில் நாட்டப்பட்ட கல்வெட்டும் பிரேசில் ஆய்வாளர்கள் வைத்தது. அம்மக்களின் மொழியிலன்றிப் போர்ச்சுக்கீசிய மொழியில் உள்ளது. ஒரு மருந்தின் விற்பனையில் ஏராளமான பணம் புரண்டிருக்க, அதன் மூலமண்ணுக்கு உரியோர் பங்கு பெறாததைக் காலத்தின் வழக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

அதற்கு மாற்றுவழி இருந்தது என்பதற்குத் தெற்கிலேயே சான்று உண்டு. அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்கள் களைப்பு நீங்க உண்ணும் ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகையின் அறிவை 1987இல் கள ஆய்வாளர்களுக்குக் காட்டியபின், கேரளத்தின் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம், அதிலிருந்து செய்த மருந்தின் உரிமத்தைக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அளித்து, கிடைத்த தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. அம்முயற்சியிலும் குறைகளும் பூசல்களும் இருந்தன; ஆயினும் அறிவின் உரிமையாளர் யார் என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டது. பின்னர் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், வெளிநாட்டு நிறுவனம் எதுவும் இந்திய மண்ணிலுள்ள நுண்ணுயிரை வணிகத்துக்காக எடுக்குமுன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பெறவேண்டுமென வகுத்தது. அவ்வாணையத்தின் தலைமையகம் சென்னையில், தரமணியில் உள்ளது. நம் காப்புரிமைச் சட்டமும், உயிர்ப்பொருளைப் பயன்படுத்திய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பிப்போர் அப்பொருள் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை எழுதிக்காட்டக் கட்டாயப்படுத்துகிறது.

பெங்களூரின் பயோகான் முதலிய இந்திய நிறுவனங்கள் இன்று இவ்வகை மருந்துகளை நொதித்தல் முறையில், பெரிய எஃகுத் தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கின்றன. நூம்பலில் ஒருவர் காலையில் விழுங்கும் மாத்திரை இந்தியாவிலேயே செய்யப்பட்டதாயினும், அதன் பூர்வீகம் அந்த 67 மண் மாதிரிகளுள் ஒன்றில் இருக்கிறது. எந்த மாதிரி, தீவின் எந்தப் பகுதி என்பதோடு, மண்ணெடுக்க உதவிய தீவினரின் பெயர்களும் மருந்தோடு வரும் தகவல் தாளில் இடம்பெறும் காலம் வரவேண்டும். அதைக் கேட்கும் உரிமை மருந்தை உண்போருக்கும் உண்டு.