மிளகுத்தண்ணி குடிக்க மெம்பர் வேண்டும்!

சென்னையில் கையில் காசு இருந்தாலும் கிடைக்காத ஹால்கள் சில உண்டு. கல்யாண மண்டபமா? அட்வான்ஸைக் கொடுத்தால் ரசீது கையில். ஹோட்டலா? போன் போட்டாலே, 'எத்தனை பேர் சார்?' என்று தேன் ஒழுகக் கேட்பார்கள். கிளப் ஹால் அப்படியில்லை. 'எந்த மெம்பர் மூலமா வர்றீங்க?' என்பதுதான் முதல் கேள்வி. மெம்பர் யாரையும் தெரியாது என்றால் அதுவே கடைசிக் கேள்வியும்!

எங்கள் ஜி.எம். மெம்பர். அதனால்தான் ஆபீஸ் அட்டெண்டர் அண்ணாச்சியின் ரிடையர்மென்ட் விருந்தை நகரத்தின் பழைய கிளப் ஒன்றில் (பெயர் எதற்கு?) வைக்க முடிந்தது. புக்கிங் வேலை என் தலையில். ரெண்டு தடவை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கூரை. அதிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குத் தொங்கும் தண்டில், அவசரமே இல்லாமல் சுற்றும் ஃபேன். சுவரில் பழைய தலைவர்களின் பெயர்கள் தங்க எழுத்தில். மீட்டிங்குக்கு 12 பேர் உட்காரும் ரூம், சாப்பிட 40 பேர் ஹால், கும்பல் அதிகமென்றால் புல்வெளி. வாடகை தனி, இலைக்கு... மன்னிக்கவும், பிளேட்டுக்குத் தனி. வெளிச் சாப்பாடு கூடாது. கம்பெனி பேனர் கூடாது. செல்போனில் சத்தமாகப் பேசக் கூடாது. நாம் பணம் கட்டவும் கூடாது! ரொக்கம் செல்லாது, ஜி.பே. செல்லாது; மெம்பர் போடும் கையெழுத்துதான் செல்லும். பில் மாதக் கடைசியில் அவர் கணக்குக்குப் போகும். விருந்தாளி கண்ணாடி கிளாஸை உடைத்தாலும் அவர்தான் பொறுப்பு.

"சந்தாவை மட்டும் நம்பினா கிச்சன் நடக்காது சார். இந்த ரூம் வாடகைலதான் ஓடுது" என்றார் கிளப் குமாஸ்தா, ரகசியம் மாதிரி.

ஒரு காலத்தில் இந்த மாதிரி இடங்களுக்குள் நம்மவர்கள் விருந்தாளியாகக் கூட எளிதில் நுழைய முடியாது. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் வெகுகாலம் வெள்ளைக்காரர்கள்தான் மெம்பர்கள். மவுண்ட் ரோடு பக்கம் அது இருந்த இடத்தில் இன்றைக்கு எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் போய் ஏ.ஸி. வாங்கலாம். 1963-ல் அந்த கிளப் அடையாறு கிளப்போடு சேர்ந்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டது.

வெள்ளைக்காரன் போனான், டிரெஸ் கோடு போகவில்லை. 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு, வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. ஹைகோர்ட் ஜட்ஜுக்கே அந்தக் கதி! ஊரே கொதித்தது. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்குத் தடை போட்டால் லைசென்ஸ் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

எங்கள் அண்ணாச்சி என்றும் வேட்டிதான். ஆகவே நிம்மதியாக இருந்தேன். குமாஸ்தா அச்சடித்த அட்டையை நீட்டும் வரை. 'ரப்பர் செருப்புக்கு அனுமதி இல்லை.'

"சட்டம்தான் வந்துடுச்சே?"

"அது வேட்டிக்கு சார். செருப்புக்கு இல்லை."

அண்ணாச்சிக்கு ஹவாய் செருப்பைத் தவிர வேறு தெரியாது. காலில் ஆணி, தோல் செருப்பு போட்டால் நடக்க முடியாது. எங்கள் செக்ஷன் பையன்கள் காசு போட்டு நல்ல சாண்டல்ஸ் வாங்கித் தர முன்வந்தார்கள். அவர் சிரித்தார். "31 வருஷமா இதோடதான தம்பி உங்களுக்கு டீ கொண்டாந்தேன்? அப்ப யாரும் கீழ பாக்கலயே. விருந்து எனக்கா, செருப்புக்கா?"

யாரிடமும் பதில் இல்லை. ஜி.எம். கிளப் செக்ரட்டரியிடமே பேசிப் பார்த்தார். ரூல் ரூல்தான். இடத்தை மாற்றலாமா என்றுகூட யோசித்தோம். 'எனக்காக ஒண்ணும் மாத்த வேண்டாம்' என்று அண்ணாச்சிதான் தடுத்தார்.

அன்று சாயங்காலம் போர்ட்டிகோவில் காரை விட்டு இறங்கியவர், வாசல்படி ஓரமாகச் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். வெறுங்காலோடு உள்ளே நடந்தார். கோயிலுக்குப் போகிற மாதிரி. வாசலில் நின்றவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். வெறுங்காலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது! பேசாமல் வழிவிட்டார். எனக்கு அது வெற்றியாகப் படவில்லை. அவர் பின்னால் என் ஷூ 'டக் டக்' என்று சத்தம் போட்டது எரிச்சலாக இருந்தது.

உள்ளே இன்னொரு சிக்கல். பேரர் டிரேயோடு வந்ததும் அண்ணாச்சி சடக்கென்று எழுந்து அதை வாங்கக் கை நீட்டிவிட்டார். பழக்கம்!

"உக்காருங்கண்ணே. இன்னிக்கு நான் குடுக்கிறேன். எனக்கும் அடுத்த வருஷம் ரிடையர்மென்ட்" என்றார் பேரர்.

முதலில் வந்தது மல்லிகாடானி சூப். அண்ணாச்சி ஒரு ஸ்பூன் வாயில் விட்டுக்கொண்டு யோசித்தார்.

"இது நம்ம வீட்டு மிளகுத்தண்ணில்லா?"

அதேதான். மெட்ராஸ் வெள்ளைக்காரன் நம் சமையல்காரனிடம் சூப் கேட்டு, கிடைத்ததைக் குடித்து, பேரைக் கடித்துத் துப்பிய சமாச்சாரம் என்று விளக்கினேன்.

"இதைக் குடிக்கவா வே செருப்பைக் கழத்தச் சொன்னான்?" என்றார். பக்கத்தில் நின்ற பேரர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவருக்கு இன்னொரு கப் ஊற்றினார்.