டிக்கெட்டோடு ஒரு மரமும் வாங்கலாமா?



விமான டிக்கெட் போடும்போது கடைசியில் ஒரு கட்டம் வருகிறதாம். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டிவிடுவோம் என்று. "கட்டலாமா டீச்சர்?" என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து லண்டன் போய்வர ஒரு ஆளின் பங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. வேறெங்கோ ஒருவர் மரம் நட்டோ, காற்றாலை வைத்தோ ஒரு டன்னைக் குறைத்தால் அவருக்கு ஒரு கார்பன் கிரெடிட். அதை நீங்கள் விலைக்கு வாங்கி உங்கள் கணக்கில் கழித்துக்கொள்கிறீர்கள். தாளில் விடை பூஜ்யம்.

ஆனால் உங்கள் காசு வராவிட்டாலும் அந்த வேலை நடந்திருக்குமா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நம் முப்பந்தலையே பாருங்கள். 1990களிலேயே அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நின்றன. கணவாய்க் காற்று இருந்தது, அரசின் வரிச்சலுகையும் இருந்தது. கியோட்டோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததே 2005-ல். அதன்பிறகு தமிழ்நாட்டுக் காற்றாலைத் திட்டங்கள் சிலவும் அதன்கீழ் கிரெடிட் பெற்றன. கிரெடிட் இல்லையென்றால் அவற்றில் எத்தனை எழுந்திருக்காது? எப்படியும் சுழலப்போகிற காற்றாடிக்குக் காசு கொடுத்தால் காற்றில் ஒரு கிராம்கூடக் குறையாது, நம் புகைதான் மிச்சம். ஐரோப்பிய ஆணையத்துக்காக 2016-ல் ஒரு ஜெர்மன் ஆய்வு நிறுவனம், அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த திட்டங்களை ஆராய்ந்தது. சொன்ன அளவுக்கு உண்மையான குறைப்பு நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று 85 சதவீதத் திட்டங்களைப் பற்றிச் சொல்லிவிட்டது.

மரத்தின் கதை வேறு. கோல்ட்பிளே என்ற இங்கிலாந்து இசைக்குழு, 2002-ல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் கார்பனை ஈடுகட்ட, கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகளுக்குப் பணம் கொடுத்தது. தண்ணீர் இல்லாமல் அவற்றில் நிறையக் கருகிவிட்டன என்று 2006-ல் அந்த ஊர்ப் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது வருடக்கணக்கில். (பள்ளித் தோட்டத்துக்கு வாளி தூக்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) பிழைத்து வளர்ந்தாலும் தீ இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகனில் கிரெடிட் விற்ற காட்டின் ஒரு பகுதி 2021-ல் எரிந்தது. விமானப் புகையோ நூற்றாண்டுகள் மேலே நிற்கும்.

எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். குப்பைமேட்டில் கிளம்பும் மீத்தேனைப் பிடித்து எரிப்பது போன்ற வேலைகளைப் பல ஊர்களில் காசு வராமல் யாரும் செய்யமாட்டார்கள். எவ்வளவு எரித்தார்கள் என்று அளந்தும் பார்க்கலாம். அப்படிப்பட்ட திட்டம் என்று தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள். நன்கொடை என்று நினைத்துக் கொடுங்கள். காசு கட்டியாயிற்றே என்று இன்னொரு டிக்கெட் போடாதீர்கள்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. தையில் கல்யாணம், சித்திரையில் கோயில் கொடை என்று இரண்டு தடவை வர டிக்கெட் பார்க்கிறீர்களாம். கல்யாணத் தேதி இன்னும் குறிக்கவில்லை. கொடையை ஒட்டியே முகூர்த்தம் பார்க்கும்படி உங்கள் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே தடவையாக வாருங்கள், ஒரு மாதம் இருங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.