வெப்பம் வெளியேறும் வழி

நாடி வந்தோர்க்குத் தேர்களை வாரி வழங்கிய மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரே இன்றைய திருக்கோவிலூர். தேர்க்கொடையால் புகழ் பெற்ற அவ்வூரில், நம் காலத்துத் தேர் ஒன்று ஓட மாட்டாமல் கொதித்து நின்ற கதையை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று வினவும் பெரியோர், இறுதிவரை பொறுத்தருள வேண்டுகின்றோம்.

நம் தமக்கையின் மகன் மோட்டார்ப் பந்தயத்தில் தீரா வேட்கை கொண்டவன். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கரி மோட்டார் ஸ்பீட்வே களத்தில் ஒருமுறையேனும் ஓட்டிவிட வேண்டும் என்பது அவன் கனவு. பார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை வடிவமைத்து, 1995இல் விமான விபத்தில் மறைந்த கோவை கரிவரதன் அவர்களின் நினைவாகப் பெயர் பெற்ற களம் அது.

பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை அவன் வாங்கினான். 1298 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் எஞ்சினில் டர்போசார்ஜரைப் பூட்டினான். எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை ரேடியேட்டரின் முன்னே பொருத்தினான். குதிரைத்திறன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. தாயின் நகையை அடகு வைத்த பணமும், கடன் வாங்கிய பணமும் அதில் அடங்கும். கடன் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பம் நம்முடையது.

திறன் வந்தது, கூடவே கொதிப்பும் வந்தது. பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு போகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் நீரே சுமந்து சென்று காற்றில் விடவேண்டும். திறன் பெருகினால் அச்சுமையும் பெருகும். இதனை நூல்களில் படித்திருந்த நாம், பெரிய ரேடியேட்டர் வாங்கச் சொன்னோம்; வாங்கினான். இரண்டாவது மின்விசிறி பூட்டச் சொன்னோம், பூட்டினான். யாரோ சொன்னார்கள் என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்தான். கொதிப்பு தணியவில்லை. ஹெட் கேஸ்கட் எரிந்து ஒரு மாத வருவாயை விழுங்கியது.

ஒரு பங்குனி நண்பகலில் திருவண்ணாமலைச் சாலையில் வெள்ளோட்டம் பார்த்தோம். சில கிலோமீட்டர் கடப்பதற்குள் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை நிறுத்தினான். "சீக்கிரம் மூடியைத் திற, தண்ணீர் ஊற்றலாம்" என்று அவனை அவசரப்படுத்தியவர் நாமே. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைக் காத்து நிற்பதால்தான் 100 பாகையைக் கடந்த நீரும் உள்ளே கொதியாதிருக்கின்றது. மூடி திறந்த நொடியில் அது ஆவியாய்ச் சீறும். அதுவும் நாம் படித்திருந்ததே. ஆயினும் அந்நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவனது வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று. அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நமக்குப் பல நாள் துணிவில்லை.

புண் ஆறிய பின், லாரிப் பட்டறை நடத்தும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும் லாரிகளின் கொதிப்பைத் தீர்த்தே தலை நரைத்தவர். 'லாரி மெக்கானிக்குக் பந்தயக் கார் தெரியுமா' என்று முன்பு அவரை ஒதுக்கியவரும் நாமே.

அவர் எதையும் கழற்றவில்லை. "நின்றால் சூடேறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா தம்பி?" என்று கேட்டார்.

"ஓடினால்தான் பாய்."

"அப்படியானால் விசிறியைக் குறை சொல்லாதே. ஓடும்போது வருகிற காற்று எங்கே போகிறது என்று பார்."

விளக்கொன்றை ஏந்திக் குனிந்து காட்டினார். ரேடியேட்டரின் இரு பக்கத்து இடைவெளிகளிலும் செம்மண் தூசி அப்பிக் கிடந்தது; ரேடியேட்டரின் தகடுகளோ ஏறக்குறையத் தூய்மையாக இருந்தன. "பார்த்தீர்களா வாத்தியார் ஐயா, காற்று எளிய வழியில் நழுவிவிடுகிறது. தூசியே சாட்சி" என்றார். இன்டர்கூலர் முன்னே நின்று மறைக்க, பெரிய ரேடியேட்டர் காற்றின்றி வாளாவிருந்திருக்கின்றது.

பணி இரண்டு நாளில் முடிந்தது. இன்டர்கூலரைக் கீழிறக்கினார். பம்பரின் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை அலுமினியத் தகட்டால் வழி அமைத்து, இடைவெளிகளை ரப்பர்ப் பட்டையால் அடைத்தார். விசிறிக்குக் கூடு கட்டினார். தெர்மோஸ்டாட்டை மீண்டும் வைத்தார். அது எஞ்சின் உரிய சூட்டை விரைவில் அடையத் துணை செய்வதேயன்றிக் கொதிப்புக்குக் காரணமன்று. கிணற்று நீரின் உப்பு உள்ளே படியும் என்று அதனை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சமமாய்க் கலந்து ஊற்றினார். வண்டியின் முகத்தை உயர்த்தி நிறுத்தி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். செலவு, புதிய ரேடியேட்டரின் விலையில் ஒரு சிறு பங்கே.

இம்முறை சாலையில் வெள்ளோட்டம் பார்க்கவில்லை. உற்பத்தியாளர் அமைத்த அடிப்படைக் கூறுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. முன்னர் அவ்வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டியது பிழை என்பதை ஒப்புகின்றோம். வண்டியை லாரியில் ஏற்றிச் செட்டிப்பாளையம் கொண்டு சென்றோம். பத்துச் சுற்றுகள் ஓட்டினான். முள் நடுவைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. இறங்கியவன் முதலில் பாய்க்குத்தான் தொலைபேசினான்.

அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். வகுப்பில் அதனைப் பலமுறை நடத்திய நாம், சுமையைக் கூட்டிய இடத்தில் அது இறங்கும் வழியை எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வழியைக் காட்டியவர் கல்லூரி வாயிலை மிதியாத ஒரு முதியவர். மாணவச் செல்வங்களே, நூலறிவு பெறுங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைத் திண்ணையிலும் சற்று நேரம் அமருங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் எவர் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், ஆறும் முன் திறவாதீர்கள். நம் மருமகனின் கைத்தழும்பு இன்னும் மறையவில்லை.