குளிர்காலத்துப் பிராக்

டிசம்பர் 21 அன்று பிராக் நகரத்தில் காலை எட்டு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. செக் குடியரசின் தலைநகரம் 50 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதன் விளைவு இது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே போகிறவருக்குக் கையில் கிடைக்கும் பகல் எட்டு மணி நேரம்தான். காலையில் சாவகாசமாகக் கிளம்பினால் கோட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. இந்த நகரத்துப் பழக்கங்கள் பலவும் அந்த இருட்டில்தான் விளங்குகின்றன; கோடையில் வந்து போகிறவர்கள் பார்ப்பது பாதிப் பிராக்தான்.

குளிர் பயப்படும் அளவுக்கு இல்லை. ஜனவரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே ஏறி இறங்கும். பழைய ஜெசூட் கல்லூரியான கிளெமென்டினத்தில் 1775 முதல் நாள் தவறாமல் வெப்பநிலையைக் குறித்து வருகிறார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய வானிலைப் பதிவேடுகளில் அதுவும் ஒன்று. 1785 மார்ச் 1 அன்று அங்கே பதிவான −27.6 டிகிரியை இன்றைய பயணி சந்திக்கப் போவதில்லை. வாழ்த்து அட்டையில் இருக்கும் பனியையும் அவர் எதிர்பார்க்கக் கூடாது. வல்தாவா ஆற்றுப் பள்ளத்தில் நகரம் அமைந்திருப்பதால், விழும் பனி இரண்டொரு நாளில் கரைந்து சேறாகிவிடுகிறது. மேலே சூடான காற்றடுக்கு மூடிக்கொண்டால் மூடுபனியும் புகையும் நாள் கணக்கில் நகராது. டிராமிலும் கடையிலும் காப்பிக் கடையிலும் கதகதப்புக்குக் குறைவில்லை என்பதால், ஒரே கனத்த கோட்டை விட, கழற்றிக் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய உடுப்புகள் நான்கு மேல். கோட்டை விட முக்கியம் காலணி. நடைபாதையெங்கும் பதித்திருக்கும் சிறு சிறு கற்கள் ஈரம் பட்டால் வழுக்கும்.

பழைய நகரச் சதுக்கத்தில் நகர மன்றச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரம் 1410-இல் உருவானது. மணிக்கொரு முறை எலும்புக்கூட்டுப் பொம்மை மணியடிக்க, மேலே இரண்டு ஜன்னல்களில் சீடர்களின் உருவங்கள் வரிசையாக வந்து போகும். கூட்டம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அதைப் படமெடுத்துவிட்டுக் கலைந்துவிடும். உண்மையில் நின்று பார்க்க வேண்டியது கீழே உள்ள முகப்புத்தான். அதன் வெளி வளையத்தில் பழைய செக் முறைப்படி 24 மணி குறித்திருக்கிறது. அந்தக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அஸ்தமன நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் வளையமும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே வளைந்து செல்லும் பொற்கோடுகள் இன்னொரு கணக்கைச் சொல்கின்றன: விடியலிலிருந்து அந்தி வரை, பகல் நீண்டாலும் குறுகினாலும் பன்னிரண்டு பங்கு. டிசம்பரில் ஒரு பங்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம், ஜூனில் எண்பது. இன்னும் எவ்வளவு வெளிச்சம் மிச்சம் என்பதே அந்தக் காலத்து மனிதருக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. குளிர்காலப் பயணிக்கும் கேள்வி அதுவே.

சதுக்கத்திலிருந்து கால் மணி நடையில் சார்லஸ் பாலம். நான்காம் சார்லஸ் 1357-இல் அடிக்கல் நாட்டியது. நீளம் சுமார் 516 மீட்டர், இருபுறமும் 30 சிலைத் தொகுதிகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், பழைய சீருடை அணிந்த ஒருவர் நீளக் கழியுடன் வந்து இங்குள்ள கேஸ் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் செல்வார். குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள். சுற்றுலாவுக்காகச் செய்வதுதான், இருந்தாலும் அழகு.

இந்தப் பாலத்தோடு சேர்ந்த ஒரு பனிக்கதை அறிவியல் வரலாற்றிலும் உண்டு. மன்னர் இரண்டாம் ரூடால்ஃபின் அரசவைக் கணித அறிஞராக இருந்த யோஹன்னஸ் கெப்ளர் 1611-இல் ஒரு சிறு நூலை நண்பர் ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசாக எழுதினார். தகுந்த பரிசு அகப்படாமல் பாலத்தைக் கடந்தபோது கோட்டில் பனித்துகள்கள் விழுந்ததாகவும், எல்லாவற்றுக்கும் ஆறு முனை இருந்ததாகவும் அதில் சொல்கிறார். ஏன் ஆறு? ஐந்தோ ஏழோ ஏன் இல்லை? தேன்கூடு, மாதுளை முத்து, அடுக்கி வைத்த உருண்டைகள் என்று எங்கெங்கோ போய்த் தேடுகிறார். கடைசியில் முடிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிப் போகிறபோக்கில் அவர் சொன்ன ஊகத்தைக் கணிதவியலாளர்கள் விடவில்லை. 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் கணினி உதவியோடு அதற்கு நிரூபணம் தந்தார்.

ஆற்றுக்கு அப்பால் குன்றின்மேல் கோட்டை. அதற்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்தது. பனிபடர்ந்த இரவில் ஏழைக்கு விறகு கொண்டுபோகும் மன்னராக ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டில் வரும் வென்செஸ்லாஸ் அடங்கியிருப்பது இங்கே. உயிரோடு இருந்தவரை அவர் மன்னரல்லர், பொஹீமியாவின் கோமகன்தான். தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்டவர். குன்றின் அடிவாரத்தில் வெற்றி அன்னை தேவாலயத்தில் பிராக் குழந்தை இயேசுவின் சொரூபம். பெங்களூர் விவேக் நகர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போகும் தமிழர்கள் பலருக்கும் அந்த உருவம் பழக்கமானதே. 1628-இல் பொலிக்சேனா லோப்கோவிச் என்ற பிரபுகுலப் பெண் கார்மேல் துறவிகளுக்கு அளித்தது அது. ஒரு முழத்துக்குச் சற்றே உயரமான மெழுகுச் சொரூபம். நம்மூர்க் கோயில் உற்சவரைப் போலப் பருவத்துக்கொரு அலங்காரம்: திருவருகைக் காலத்தில் ஊதா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை.

சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தை நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 6 வரை நடக்கும். மரக் குடில்களில் சூடான மசாலா ஒயின், பன்றித் தொடை, பொம்மைகள் எல்லாம் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதல்தான். பழைய பொஹீமிய மரபு என்ற பலகையோடு விற்கும் தெர்தெல்நீக் என்ற உருளை ரொட்டி, பிராக்கில் பரவியது இந்தச் சில பத்தாண்டுகளில்தான். உள்ளூர்க்காரரின் கிறிஸ்துமஸைப் பார்க்கக் குடியிருப்புப் பகுதித் தெருமுனைகளுக்குப் போக வேண்டும். டிசம்பர் 20 வாக்கில் அங்கே பெரிய தொட்டிகள் முளைத்துவிடும். உள்ளே உயிருள்ள கெண்டை மீன்கள், பெரும்பாலும் தென் பொஹீமியக் குளங்களில் வளர்த்தவை. ரப்பர் ஏப்ரன் கட்டிய ஆள் வலையால் ஒன்றை அள்ளித் தராசில் போடுவார். அது துள்ளித் தண்ணீரை முகத்தில் தெளிக்கும். வெட்டித் தரவா, உயிரோடா என்பார். உயிரோடு வாங்கினால் மீன் இரண்டொரு நாள் வீட்டுக் குளியல் தொட்டியில் நீந்தும்; பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள், அதோடு வம்புதான். மனமிரங்கி ஆற்றில் விடுபவர்களும் உண்டு. குளத்து மீன் அங்கே பிழைக்காது என்று மீன்வளம் அறிந்தவர்கள் சொல்லியும் அது ஓயவில்லை. 24-ஆம் தேதி இரவு பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலடும்தான் விருந்து. செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கக் காசு தங்கும் என்பது நம்பிக்கை.

ஜனவரி 6-க்குப் பிறகு கூட்டமும் ஓட்டல் வாடகையும் இறங்கிவிடுகின்றன. விடுமுறைத் தேதியை மாற்ற முடிந்தவர்கள் அப்போது போவதே நல்லது. மொசார்ட் முதன்முதலாகப் பிராக் வந்ததும் ஒரு ஜனவரியில்தான், 1787-இல். இன்று பிராக் சிம்பொனி என்று வழங்கும் இசையை 19-ஆம் தேதி அரங்கேற்றினார். அதே மாதத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 1968-இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்த பின், மக்கள் சோர்ந்து அடங்குவதைப் பொறுக்காத மாணவர் யான் பலாக் 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தார். தேசிய அருங்காட்சியகத்தின் முன்னே தரையோடு தரையாகப் பதித்த சிலுவைதான் அவருக்கு நினைவுச்சின்னம். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். பிராக்கில் பிறந்து அங்கேயே தமிழ் கற்பித்த கமில் சுவெலபில் நாட்டை விட்டுப் போனதும் அந்தப் படையெடுப்புக்குப் பின்தான். முருகனின் முறுவல் என்று பெயரிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1973-இல் நெதர்லாந்தில் வெளியானது.

டிசம்பரில்தான் போக வேண்டியிருந்தால் சில ஏற்பாடுகள் அவசியம். செலாவணி யூரோ அல்ல, கொருனா. கோட்டைத் தோட்டங்கள் சில குளிர்காலத்தில் மூடியிருக்கும். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் டிசம்பர் 24 நண்பகலோடு சட்டப்படி மூடி, 27 காலையில்தான் திறக்கும். ஓட்டல் சாப்பாட்டை நம்பாதவர்கள், குறிப்பாகச் சைவக்காரர்கள், 23-ஆம் தேதியே சாமான் வாங்கி வைத்துவிட வேண்டும்.