8 ஜி.பி-யா, 12 ஜி.பி-யா? - குன்னூர் வீட்டில் நடந்த கிராபிக்ஸ் கார்டு பஞ்சாயத்து!

புதுசா, பெருசா? கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும் பலரும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 2021 பிப்ரவரியில் வந்தது. ஆர்டிஎக்ஸ் 4060, 2023 ஜூனில் வந்தது. மொபைல் என்றால் யோசிக்காமல் புதியதை எடுத்துவிடலாம். ஆனால், பழைய கார்டில் 12 ஜி.பி மெமரி, புதியதில் 8 ஜி.பி-தான். பட்ஜெட்டோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது.

குன்னூரில் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி ஒரு வாரம் ஓடியது. காரணம், பணம் அம்மாவுடையது. எஸ்டேட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் இலை பறித்து ஓய்வுபெற்றவர். லைன் வீட்டைக் காலி செய்து, வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பழைய கடனை அடைத்த பிறகு மிஞ்சிய செட்டில்மென்ட் பணத்தில் 30,000 ரூபாயை மகளுக்கு ஒதுக்கியிருந்தார்.

மகள் 3டி அனிமேஷன் படித்தவர். கோவைக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனால் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளம் சரியாகிவிடும். மலையிலேயே இருந்து, வீட்டிலிருந்தபடி வேலை எடுத்துச் செய்தால் அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு இந்த கார்டு சரியாக அமைய வேண்டும். தவறிப்போனால் இன்னொரு 30,000 வராது.

தம்பியின் ஓட்டு 4060-க்கு. "அக்கா, எல்லா வீடியோவுலயும் அதுதான் ஜெயிக்குது. பழசை யாராவது வாங்குவாங்களா?"

அம்மாவுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

மகள் தோட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

"கார்டுக்குள்ள இருக்குற கோர் எல்லாம் இலை பறிக்கிற ஆளுங்கம்மா. பழசுல 3,584 பேர், புதுசுல 3,072 பேர்."

"அப்போ பழசுதானே நல்லது?"

"புதுசுல இருக்குறவங்க கை வேகம் அதிகம்மா."

அந்தக் கை வேகம்தான் கிளாக் ஸ்பீடு. 3060-ல் அது அதிகபட்சம் 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060-ல் 2.46. ஆட்களையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், ஆள் குறைந்தும் 4060 ஏறத்தாழ 19 சதவிகிதம் முந்துகிறது. ஃபுல் ஹெச்டி கேம்களிலும் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இதே இடைவெளிதான். தம்பி சொன்னது பொய்யில்லை.

அடுத்தது, பறித்த இலையைக் கொண்டுபோகும் பாதை. 3060-ல் பாதையின் அகலம் 192 பிட். நொடிக்கு 360 ஜி.பி டேட்டா போகும். 4060-ல் 128 பிட். நொடிக்கு 272 ஜி.பி. பாதை குறுகினாலும், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கூடை அதில் பெரியது. கேஷ் எனப்படும் அந்த உடனடி மெமரி 3060-ல் 3 எம்.பி, 4060-ல் 24 எம்.பி. அதனால் அடிக்கடி நடக்க வேண்டியதில்லை.

கடைசியாக, இலையைக் கொட்டிவைக்கும் கொட்டகை. அதுதான் மெமரி. ஒன்றில் 12, இன்னொன்றில் 8.

"கொட்டகை நிறைஞ்சுபோச்சுன்னா?" என்றார் அம்மா.

பஞ்சாயத்தின் மையமே அந்தக் கேள்விதான். கேமில் மெமரி போதாவிட்டால் செட்டிங்ஸைக் குறைத்து விளையாடலாம். பிளெண்டர் போன்ற மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் செய்யும்போது கார்டின் மெமரி நிறைந்தால், கம்ப்யூட்டரின் சாதாரண ரேமைக் கடன் வாங்கி ஆமை வேகத்தில் நகரும். இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.

மகளுக்குக் கிடைத்திருந்த முதல் வேலை, ஊட்டி மலை ரயிலைப் பற்றிய 3டி வீடியோ. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அதில் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ரயில் ஏறும் பகுதிதான் வீடியோவின் உயிர். ரயில் சின்னதுதான். சுற்றியிருக்கும் காடு பெரியது. ஒவ்வொரு மரத்தின் பட்டையும் இலையும் மெமரியில் இடம் பிடிக்கும். பெரிய கார்டு வைத்திருந்த தோழியின் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தார். 9 ஜி.பி-யைத் தாண்டியது.

படங்களின் அளவைக் குறைத்து 8 ஜி.பி-க்குள் அடக்க முடியும். அதற்கும் நாள்கள் ஆகும். நாள் கணக்கில் வேலை கொடுப்பவர் காத்திருக்க மாட்டார். முடிவு, 3060 பக்கம் சாய்ந்தது.

இழப்பு இல்லாமல் இல்லை. 4060 அதிகபட்சமாக 115 வாட் எடுக்கும். 3060-க்கு 170 வாட். தினமும் 8 மணி நேரம் ரெண்டர் ஓடினால், இரண்டு மாத பில்லில் சுமார் 26 யூனிட் கூடும். ஃபிரேம்களுக்கு நடுவே புது ஃபிரேமை உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3 வசதி 3060-ல் கிடையாது. தம்பிக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மலையில் வேறு கணக்குகளும் உண்டு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன், அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியேற்றும் சூடு குறையும். குளிர்ந்த காற்று அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் மட்டும் ஜன்னலை மூடிவைக்க வேண்டும். ஈரம் உள்ளே போனால் எந்த கார்டுக்கும் ஆகாது.

மழைக்காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சாதாரண யு.பி.எஸ், சேவ் செய்து அணைக்கச் சில நிமிடங்கள் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் மகள், வீடியோவை ஒரே ஃபைலாக ரெண்டர் செய்வதில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாகச் சேமிக்கப்படும். கரன்ட் போனால் ஒரு படம்தான் நஷ்டம்.

மலை ரயில் வீடியோவுக்கான பணம் வந்தது. கார்டின் விலையில் கால்வாசிகூட இல்லை. "இந்த மெஷினுக்கும் ரிட்டயர்மென்ட் உண்டா?" என்று கேட்டார் அம்மா. "நாலஞ்சு வருஷம் தாங்கும்மா." "அதுக்குள்ள அதோட கூலியை அது சம்பாதிச்சுரணும்." அடுத்த வேலைக்கான பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

கடைக்குக் கிளம்புகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். 3060 என்ற அதே பெயரில் 8 ஜி.பி கார்டும் இருக்கிறது. அதன் பாதை 128 பிட்தான், பெட்டியின் மேல் 12 ஜி.பி என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பல செகண்ட் ஹேண்டில் விலைக்கு வந்தன. வாரன்டி இல்லாமல் வாங்காதீர்கள். மூன்றாவது, நீங்கள் செய்யும் வேலை எவ்வளவு மெமரி கேட்கிறது என்பதை முதலில் அளந்துவிடுங்கள். கேம்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், தம்பி சொன்ன 4060-தான் சரி.