தொப்பியூரின் மரக்கட்டைகள்

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான், ஸ்டாக்போர்ட் வந்துவிடும். ஊருக்குள் நுழையும்போதே ஓர் உயரமான செங்கல் புகைபோக்கி கண்ணில் படும். அதற்குக் கீழே இருப்பது வெலிங்டன் மில். 1830 வாக்கில் பருத்தி நூற்பாலையாக எழுந்த கட்டடம், 1890களில் தொப்பித் தொழிற்சாலையானது. 2000-இல் அங்கே ‘ஹேட் ஒர்க்ஸ்’ என்ற தொப்பி அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

பழைய தொப்பிகளையும் அவற்றைச் செய்த கருவிகளையும் சேர்ப்பவள் நான். அடுப்பில் கெட்டிலைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் கம்பளியை இளக்கி நானே தொப்பியும் செய்வேன். தொப்பியைக் கையில் எடுத்தால் அதை அணிந்தவர் நினைவுக்கு வருவார். கருவியை எடுத்தால் செய்தவர். அந்தச் செய்தவரைத் தேடித்தான் ஸ்டாக்போர்ட்டுக்குப் போனேன்.

ஊரே தொப்பியால் பிழைத்த காலம் ஒன்று உண்டு. 1884 அளவில் இங்கிருந்து ஆண்டுக்கு அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட தொப்பிகள் ஏற்றுமதியாயின. உள்ளூர்க் கால்பந்து அணிக்கு இன்றும் ‘ஹேட்டர்ஸ்’ என்றுதான் செல்லப்பெயர்.

அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஃபெல்ட் தொப்பிக்கு மூலப்பொருள் முயல் ரோமம். துளைகள் நிறைந்த பெரிய செம்புக் கூம்பு ஒன்று சுழல, உள்ளிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். பறந்து வரும் ரோமம் அதன் மேல் படலமாக ஒட்டும். அதில் வெந்நீரைத் தெளித்துக் கழற்றினால், குழந்தையையே மூடிவிடும் அளவுக்கு ஒரு கூம்பு கிடைக்கும். தொட்டால் கிழிந்துவிடும். அதைச் சுடுநீரில் நனைத்து, சுருட்டி, அழுத்தி, மீண்டும் நனைத்து, சுருங்கச் சுருங்க இறுக்க வேண்டும். அமிலம் கலந்த கொதிநீர்த் தொட்டியைச் சுற்றி நின்று நாள் முழுக்க இதைச் செய்தவர்களின் உள்ளங்கைகள் என்ன பாடுபட்டிருக்கும்! பிறகு அரக்கு ஏற்றி விறைப்பாக்கி, சாயமிட்டு, கட்டையில் மாட்டி வடிவம் கொடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். உள்பக்கத் தோல்பட்டையும் வெளிப்பக்க ரிப்பனும் தைத்து முடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இந்தத் தொழில் பலரை நோயாளியாக்கியது. ரோமம் ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளப் பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசினார்கள். காற்றோட்டமில்லாத அறைகளில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, மனம் குழம்பியது. அமெரிக்காவின் டான்பரி நகரில் இந்த நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரையே வைத்தார்கள். அந்நாட்டுத் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்கு முடிவு வந்தது 1941-இல்தான். அந்த விஷம் பழைய ரோமத் தொப்பிகளில் இன்னும் இருக்கக்கூடும். சேகரிப்பவர்கள் கையுறை இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். நீராவியும் காட்ட வேண்டாம்.

என்னை அதிகநேரம் நிறுத்திவைத்தவை அச்சுக்கட்டைகள். குண்டூசி இறங்கும் அளவுக்கு மென்மை, ஈர ஆவியைத் தாங்கும் உறுதி இரண்டும் உள்ள மரத்தில் செதுக்கியவை. அடியில் அளவும் எண்ணும் பொறித்திருக்கும். விளிம்பு முழுக்க ஊசித்துளைகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் துணியை இழுத்துப் பிடித்துக் குத்திய இடம். தலைப்பகுதி அகன்று வாய் குறுகிய தொப்பியைக் கட்டையிலிருந்து எப்படிக் கழற்றுவது? அதற்கென்றே ஐந்து துண்டாகப் பிரியும் கட்டை செய்தார்கள். நடுத்துண்டை முதலில் உருவினால் மற்றவை உள்பக்கம் சரிந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்த யோசனைக்குச் சொந்தக்காரரின் பெயர் எந்தத் தொப்பியிலும் இல்லை.

என்னிடம் காலனிக் காலத்துச் சோலா தொப்பி ஒன்று இருக்கிறது. குளத்தில் வளரும் நெட்டியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோற்றில் செய்தது. தஞ்சாவூர்க் கலைஞர்கள் கோயில் மாதிரிகளைச் செதுக்குவதும் நெட்டியில்தான். அந்தத் தொப்பியோடு படம் எடுத்துக்கொண்ட கலெக்டர்களின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. நெட்டியை அறுத்து ஒட்டிய கைகளுக்கு அப்படியொரு பதிவு இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொப்பி அணியும் வழக்கம் தேய்ந்தது. 1966-இல் கிறிஸ்டிஸ், பேட்டர்ஸ்பி போன்ற நிறுவனங்கள் பிழைத்திருக்க ஒன்றாக இணைந்தன. 1997-இல் ஸ்டாக்போர்ட்டின் தொப்பித் தொழில் முடிந்தது. இன்னொரு தொப்பியூரான லூட்டனில் அச்சுக்கட்டை செய்வோர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பிரிட்டனில் அழியும் தறுவாயிலுள்ள கைத்தொழில்களின் பட்டியலில் அந்த வேலையும் சேர்ந்துவிட்டது.

தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது கட்டைகள் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. இன்று பலர் அவற்றை அலமாரி அழகுக்கு வாங்குகிறார்கள். வாங்கட்டும், விறகாகாமல் தப்பினால் சரி. ஆனால் கட்டை தன் முழுப் பொருளையும் காட்டுவது, நனைந்த கம்பளியை அதன்மேல் இழுத்துக் கயிறு கட்டும்போதுதான். எவ்வளவு இழுத்தால் மடிப்பு மறையும், எந்தப் பதத்தில் நிறுத்தினால் கிழியாது என்பதைக் கைதான் கற்றுக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டி கற்றுத்தராது. அதனால் ஸ்டாக்போர்ட்டிலிருந்து திரும்பியதும் ஒரு முடிவெடுத்தேன். என்னிடமுள்ள ஒவ்வொரு கட்டையிலும் புதுக் கம்பளியில் ஒரு தொப்பியாவது செய்வேன். கற்க விரும்பி வருபவருக்குக் கட்டையையும் கொடுத்து, தெரிந்ததையும் சொல்லித்தருவேன். கருவி சேர்ப்பவர் அந்தக் கருவியைப் பிடித்த தொழிலாளிக்குப் பட்டிருக்கும் கடன் அது.