ஆயாவுக்கும் ஓர் இருக்கை

ஒரு குடும்பம் தன்னை எவ்வாறு எண்ணிக்கொள்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் புகைப்பட ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தாலே போதும். திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், புதுமனை புகுவிழா என்று நிகழ்ச்சிகள் வரிசையாக வரும். தந்தையும் தாயும் பிள்ளைகளும் பக்கந்தோறும் நிற்பர். பாட்டி எங்கே என்று தேடினால், ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் பாதித் தோளும் சேலைத் தலைப்புமாகத் தென்படுவார். சில ஆல்பங்களில் அதுவும் இராது.

பழைய படங்கள் வேறு கதை சொல்கின்றன. 1839-ஆம் ஆண்டில் லூயி தாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856-இல் சென்னையிலேயே புகைப்படக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. பின்னர் தமிழகத்து ஊர்களில் ஸ்டுடியோக்கள் பெருகின. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து, மின்னணு முறையில் பதிந்து காத்து வருகிறது. பூஞ்சை பிடித்தும் உடைந்தும் அழிந்துகொண்டிருந்த கண்ணாடித் தகடுகளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இன்று நம்மை நோக்குகின்றன. அக்காலக் குடும்பப் படங்களின் அமைப்பு நாம் அறிந்ததுதான். நடுவில் நாற்காலிகளில் முதியோர். பின்னே நின்றவாறு பிள்ளைகளும் மருமக்களும். முன்னே தரையில் பேரப்பிள்ளைகள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் அந்த வரிசை நமக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பேறு வசதியுள்ள வீடுகளுக்கே வாய்த்தது. ஏழை எளியோர்க்குப் புகைப்படம் எட்டாத பொருளாயிருந்தது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் பலரைத் தடுத்தது. விளைவு என்ன? உயிரோடிருந்தபோது ஒரு படமும் எடுக்காதவரை, இறந்த பின்னர் நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, மாலை அணிவித்து, சுற்றிலும் உறவினர் நின்று படமெடுத்துக்கொண்ட வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. பேரனுக்குத் தன் தாத்தாவின் மூடிய கண்கள் மட்டுமே தெரியும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, படத்திற்குச் செலவில்லை. ஆயினும் நிலைமை முழுதும் மாறிவிடவில்லை. நாட்டில் 1993-இல் அறிமுகமான வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை, எத்தனையோ முதியோருக்குக் கிடைத்த ஒரே படமாக இருக்கிறது. இறப்பு வீடுகளுக்குச் செல்லும்போது இதனைக் கண்கூடாகக் காண்கிறோம். துயரத்தின் நடுவே யாரோ ஒருவர் பெட்டியைக் கிளறி அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்கு விரைகிறார். மாலையில் தெருமுனையில் நிற்கும் பதாகையில், மிரண்ட பார்வையுடன் ஒரு முகம். வாழ்நாளெல்லாம் சிரித்துப் பேசிய அந்தத் தாயை அதில் யார் அடையாளம் காண்பார்?

சேதராப்பட்டில் ஒரு புதுநன்மை விழாவுக்குச் சென்றிருந்தோம். தொழிற்பேட்டை வந்த பின்னர் அப்பகுதி வீடுகள் பலவற்றில் வாழ்க்கை ஷிப்டுக் கணக்கில் நடக்கிறது. அந்த வீட்டிலும் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்தியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும், மாலையில் செபம் சொல்லிக்கொடுத்ததும் ஆயாதான். படமெடுப்பவர் வந்து அனைவரையும் வரிசைப்படுத்தினார். ஆயாவைக் காணோம். பின்கட்டில் பாத்திரங்களோடு நின்றிருந்தார். அழைத்தபோது, "எனக்கு எதுக்கு சாமி போட்டோ? நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்கள எடுங்க" என்றார்.

"நல்ல நாள்" என்ற அச்சொல்லில் எல்லாம் அடங்கியிருந்தது. அவர் கணவரை இழந்தவர். மங்கல நிகழ்ச்சியில் கைம்பெண் முன்னே நிற்கலாகாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர். யாரும் அவரை விலக்கவில்லை, அவரே விலகிக்கொண்டார். இப்படி விலகுவதை அடக்கம் என்று நாம் பாராட்டிவிடுகிறோம். அதனாலேயே அந்தக் கொடுமை கண்ணில் படாமல் போகிறது.

அன்று அந்த வீட்டு மருமகள் உள்ளே போனார். "அத்தை, நீங்க வராம போட்டோ எடுக்கமாட்டோம்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். பேத்தி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாள். வெள்ளைக் கவுன் அணிந்த குழந்தை பக்கத்தில் நிற்க, ஆயா நடுவில் அமர்ந்தார். ஒருவரும் அறிவுரை கூறவில்லை. ஒரு வழக்கம் அங்கே முறிந்தது.

திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய நம்பிக்கைக்கு முன்னோடிகளாகப் பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியர், முதியோர்க்கான உலக நாளை ஏற்படுத்தி, புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டி ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைக் குறித்தார். அந்த நாளில் மாலையும் பொன்னாடையும் அணிவிக்கிறோம், நன்று. ஆயினும், குடும்பப் படத்தில் ஓர் இருக்கை அந்தப் பொன்னாடையை விட நெடுநாள் நிலைக்கும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. முதியோருக்குச் சோர்வு தட்டாத காலை வேளையாக இருக்கட்டும். முதலில் அவர்களை அமர்த்துங்கள். மற்றவர்கள் அவர்களைச் சுற்றி நிற்கட்டும். அன்றாடம் அணியும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பேரன் அறிந்த முகம் அதுதான். எந்தச் சேலை, எந்த வேட்டி என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பல் இல்லாத வாயைக் கண்டு கூசுபவரைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பேரப்பிள்ளையை அருகில் நிறுத்தினால் சிரிப்பு தானே வரும். தாத்தாவும் பாட்டியும் இருவராக ஒரு படம் எடுங்கள்; திருமண நாளன்று கூட அவர்களுக்கு அது கிட்டாமல் போயிருக்கலாம். படுக்கையில் இருப்பவராயின், அவர் இசைந்தால் கட்டிலைச் சுற்றிக் குடும்பம் நிற்கலாம்.

எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், ஊர், நாள் எழுதி வையுங்கள். எழுதும்போது அவர்களிடமே கேளுங்கள். தாத்தாவின் தந்தை பெயர், பாட்டி பிறந்த ஊர் எல்லாம் அப்போது வெளிவரும். ஒரு பிரதியை அவர்கள் தலைமாட்டில் வையுங்கள். தாம் யாருக்குச் சொந்தம் என்பதை அவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

விழா வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் வீட்டிலிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.